சோயாப் பால் காப்பி திரிவது ஏன்?

உங்கள் வீட்டிற்குப் பெரியப்பா வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் காப்பி என்றால் உயிர். ஆனால் பால் ஒத்துக்கொள்வதில்லை. "வெறும் டிகாக்ஷன் போதும்" என்கிறார். வந்தவருக்கு வெறும் டிகாக்ஷனைக் கொடுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. நீங்கள் கடைக்கு ஓடிச் சோயாப் பால் வாங்கி வருகிறீர்கள். கொதிக்கும் டிகாக்ஷனில் அதை ஊற்றியதுதான் தாமதம்! வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் மிதக்கின்றன. அடியில் பழுப்பு நீர் தனியே நிற்கிறது. "பால் கெட்டுப்போயிற்று" என்று எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள். பெரியப்பா வெறும் டிகாக்ஷனையே குடிக்கிறார்.

உண்மையில் அந்தப் பால் கெட்டதா? இல்லை. அது நல்ல பால்தான். கலந்த முறையில்தான் கோளாறு. அந்தக் கோளாறைப் புரிந்துகொண்டால், அதே பாலையும் அதே டிகாக்ஷனையும் கொண்டு திரியாத காப்பியை நீங்களே தயாரித்துவிடலாம். அதற்கு நீங்கள் பள்ளியில் படித்த வேதியியலே போதும்.

பால் ஏன் ஒத்துக்கொள்வதில்லை?

முதலில் பெரியப்பாவின் தொல்லையைப் பார்ப்போம். 100 மில்லி லிட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 5 கிராம் லாக்டோஸ் என்னும் சர்க்கரை உள்ளது. நம் சிறுகுடலில் சுரக்கும் லாக்டேஸ் என்னும் நொதி அதை குளுக்கோஸ், காலக்டோஸ் என்ற இரு சிறிய சர்க்கரைகளாகப் பிரிக்கிறது. குழந்தைப் பருவத்தில் இந்த நொதி தாராளமாகச் சுரக்கும். வளர்ந்த பின்னர் உலக மக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு இது குறைந்துவிடுகிறது. செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குச் செல்கிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து வாயுவை உண்டாக்குகின்றன. வயிறு உப்பிசம், இரைச்சல், பேதி எல்லாம் இதன் விளைவே. இத்தகையோரில் பலர் சிறிதளவு பாலைத் தாங்கிக்கொள்வார்கள். தயிரும் மோரும் கூடப் பலருக்கு ஒத்துக்கொள்ளும். ஏனெனில் உறையும்போது பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன.

பால் ஒவ்வாமை என்பது இதிலிருந்து முற்றிலும் வேறானது. அதில் குற்றவாளி சர்க்கரை அன்று, பாலில் உள்ள புரதம். உடலின் எதிர்ப்பாற்றல் அந்தப் புரதத்தைப் பகைவனாகக் கருதித் தாக்குகிறது. தோலில் தடிப்பு, வாந்தி, சிலருக்கு மூச்சுத் திணறல் கூட ஏற்படலாம். இவர்களுக்கு ஒரு கரண்டிப் பாலும் ஆபத்தாகலாம். பால் காய்ச்சிய பாத்திரத்தைக் கழுவாமல் பயன்படுத்துவதும் தவறு. எனவே "பால் ஒத்துக்கொள்ளாது" என்று ஒருவர் சொன்னால், இவ்விரண்டில் எது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இனி நம் காப்பிக்கு வருவோம்.

பால் என்னும் பால்மம்

எண்ணெயும் நீரும் கலப்பதில்லை. ஆனால் எண்ணெயை மிக நுண்ணிய துளிகளாக உடைத்து, அவை மீண்டும் ஒன்று சேராதவாறு தடுத்துவிட்டால், நீரில் அவை பரவி நிற்கும். இத்தகைய கலவைக்குப் பால்மம் என்று பெயர். வெண்மையாகப் பாலைப் போல் தோன்றுவதால் வந்த பெயர் இது. பசும்பால், தேங்காய்ப் பால், சோயாப் பால் ஆகிய மூன்றுமே பால்மங்கள்தாம். கொழுப்புத் துளிகளின் மேல் ஒளி பட்டு நாலா பக்கமும் சிதறுவதால்தான் அவை வெண்மையாகத் தெரிகின்றன.

துளிகள் ஒன்று சேராமல் தடுப்பது யார்? பெரும்பாலும் புரதங்கள்தாம். சோயாப் பாலில் சுமார் 3 சதவீதம் புரதம் உண்டு. பசும்பாலிலும் ஏறக்குறைய இதே அளவுதான். இந்தப் புரதத் துகள்கள் பாலில் எதிர் மின்னூட்டம் பெற்றுள்ளன. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஆகவே துகள்கள் ஒன்றையொன்று நெருங்கவிடாமல் தள்ளிக்கொண்டே மிதக்கின்றன. பால் பாலாக இருப்பது இந்த விலக்கு விசையால்தான்.

எஸ்பிரஸோவும் நம் டிகாக்ஷனும்

காப்பியின் பக்கத்தையும் சற்றுப் பார்ப்போம். இத்தாலி நாட்டில் பிறந்த எஸ்பிரஸோ, அழுத்தத்தால் இறக்கப்படும் காப்பி. மிலான் நகரைச் சேர்ந்த லூயிஜி பெஸ்ஸரா 1901-ஆம் ஆண்டில் இதற்கான ஓர் இயந்திரத்திற்குக் காப்புரிமை கோரினார். அதே நகரத்தவரான அக்கீலே காஜ்ஜியா 1938-இல் காப்புரிமை கோரி, பின்னர் நெம்புகோல் இயந்திரமாக வளர்த்த முறையே இன்றைய எஸ்பிரஸோவுக்கு வழிகாட்டி. வழக்கமான முறையில், 7 கிராம் அளவுள்ள நுண்ணிய காப்பித்தூளின் ஊடே, 90 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெந்நீரை 9 வளிமண்டல அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். 25 முதல் 30 வினாடிகளில் ஏறத்தாழ 30 மில்லி லிட்டர் அடர்ந்த காப்பி இறங்கிவிடுகிறது. இதனுடன் நீராவியால் சூடேற்றி நுரைக்கச் செய்த பாலைச் சேர்த்தால் கப்பூச்சினோ. பால் கூடுதலாகவும் நுரை குறைவாகவும் சேர்த்தால் லாத்தே.

வீட்டில் இந்த இயந்திரம் வேண்டும் என்பதில்லை. 1933-இல் இத்தாலியில் அல்ஃபோன்ஸோ பியலெத்தி அறிமுகப்படுத்திய மோக்கா பாத்திரம் அடுப்பின் மேலேயே வேலை செய்யும். கீழ் அறையில் உண்டாகும் ஆவியின் அழுத்தம் வெந்நீரைக் காப்பித்தூளின் வழியே மேலே தள்ளும். அதுவும் இல்லையென்றால் நம் வீட்டு ஃபில்டர் இருக்கிறது. அதில் அழுத்தத்தின் வேலையைப் புவியீர்ப்பு மெல்லச் செய்கிறது. காலம் அதிகம் பிடித்தாலும், பாலைத் தாங்கும் அளவுக்கு அடர்ந்த டிகாக்ஷன் கிடைத்துவிடும். நம் சோதனைக்கு மூன்றும் ஒன்றே. ஏனெனில் மூன்றும் சூடானவை; மூன்றும் அமிலத்தன்மை உடையவை.

காப்பியில் குளோரோஜெனிக் அமிலம், சிட்ரிக் அமிலம், குவினிக் அமிலம் எனப் பல அமிலங்கள் உள்ளன. அதன் பி.எச். மதிப்பு சுமார் 5. நடுநிலையான நீரின் மதிப்பு 7. இரண்டே எண்கள்தாமே வேறுபாடு என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வோர் எண் குறையும்போதும் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு 10 மடங்கு கூடுகிறது. அதாவது நடுநிலை நீரில் இருப்பதைப் போல் 100 மடங்கு ஹைட்ரஜன் அயனிகள் காப்பியில் உள்ளன.

இரு பகைவர்கள்

இப்போது சோயாப் பால் காப்பியில் விழுகிறது. நேர் மின்னூட்டம் கொண்ட ஹைட்ரஜன் அயனிகள், எதிர் மின்னூட்டம் கொண்ட புரதத் துகள்களுடன் சேர்ந்து அவற்றின் மின்னூட்டத்தைக் குறைக்கின்றன. விலக்கு விசை தளர்கிறது. துகள்கள் நெருங்குகின்றன, ஒட்டுகின்றன, கட்டிகளாகின்றன. பி.எச். மதிப்பு சுமார் 4.5 ஆகும்போது சோயாப் புரதத்தின் நிகர மின்னூட்டம் சுழியாகிவிடும். அப்போது குளிர்ந்த பாலும் திரிந்துவிடும். எலுமிச்சைச் சாறு பிழிந்து பனீர் எடுப்பதன் தத்துவமும் இதுவே.

"ஆனால் காப்பியின் மதிப்பு 5 அல்லவா? பாலும் சேர்ந்தால் அது 6-ஐ நெருங்கிவிடுமே! பின் எப்படித் திரிகிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இங்கேதான் இரண்டாவது பகைவன் வருகிறான். அவன் பெயர் சூடு.

சூடேறச் சேறத் துகள்கள் வேகமாக ஓடி, பலமாக மோதிக்கொள்கின்றன. விலக்கு விசை சற்றே தளர்ந்திருந்தாலும் போதும், மோதியவை ஒட்டிக்கொள்கின்றன. குளிர்ந்த நிலையில் தாங்கக்கூடிய அமிலத்தைச் சூட்டில் தாங்க முடிவதில்லை. இதை நீங்கள் வீட்டில் பார்த்திருப்பீர்கள். காலையில் வாங்கி வெளியிலேயே வைத்துவிட்ட பால் மாலை வரை பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அடுப்பில் ஏற்றியதும் திரிந்துவிடும். அதற்குள் பாக்டீரியாக்கள் உண்டாக்கிய சிறிதளவு அமிலம் தனியே அதைத் திரிக்கப் போதவில்லை. சூடும் சேர்ந்தவுடன் போதுமானதாகிவிட்டது.

மூன்றாவது கூட்டாளி ஒருவனும் உண்டு. கடின நீரில் உள்ள கால்சியம், மக்னீசியம் அயனிகள் இரண்டு நேர் மின்னூட்டங்கள் கொண்டவை. அவை இரு புரதத் துகள்களுக்கு இடையே பாலம் போல் நின்று அவற்றைச் சேர்த்துவிடுகின்றன. சோயாப் பாலில் கால்சியம் உப்பைச் சேர்த்து டோஃபு என்னும் சோயாப் பனீரைச் சீனாவிலும் ஜப்பானிலும் தயாரிப்பது இதை அறிந்துதான். அவர்கள் விரும்பிச் செய்வது உங்கள் தம்ளரில் விரும்பாமல் நிகழ்ந்துவிட்டது, அவ்வளவே.

பசும்பால் மட்டும் ஏன் திரிவதில்லை? அதன் முக்கியப் புரதமான கேசின் சூட்டை நன்கு தாங்கும். மேலும் பாலில் உள்ள பாஸ்பேட், சிட்ரேட் உப்புகள் தாங்கல் கரைசலாகச் செயல்பட்டு, அமிலம் சேர்ந்தாலும் பி.எச். மதிப்பு சட்டென்று இறங்காமல் தடுக்கின்றன. காப்பிக்கென்றே விற்கப்படும் தாவரப் பால் பெட்டிகள் பலவற்றில் டைபொட்டாசியம் பாஸ்பேட் சேர்க்கப்பட்டிருப்பதும் இதற்காகவே.

சோதித்துப் பாருங்கள்

தேவையானவை: சர்க்கரை சேர்க்காத சோயாப் பால், ஓர் எலுமிச்சம்பழம், சமையல் சோடா, டிகாக்ஷன், சில தம்ளர்கள். சூடான பொருள்களைக் கையாளும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும்.

முதல் சோதனை: இரண்டு தம்ளர்களில் கால் தம்ளர் அளவு சோயாப் பால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று குளிர்ந்தது, மற்றொன்று ஆவி பறக்கச் சூடாக்கியது. இரண்டிலும் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். எத்தனை சொட்டில் துணுக்குகள் தோன்றுகின்றன என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். சூடான பால் குறைந்த சொட்டுகளிலேயே திரிவதைக் காண்பீர்கள்.

இரண்டாம் சோதனை: மூன்று தம்ளர்களில் ஒரே அளவு சூடான டிகாக்ஷன் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தம்ளரில் குளிர்ந்த சோயாப் பாலை ஒரேயடியாக ஊற்றுங்கள். இரண்டாவது தம்ளர் டிகாக்ஷனை 3 நிமிடம் ஆறவிடுங்கள். பிறகு வேறொரு பாத்திரத்தில் உள்ள வெதுவெதுப்பான சோயாப் பாலில் அதைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குங்கள். மூன்றாவதில் ஓர் அரிசி அளவு சமையல் சோடாவைக் கரைத்துவிட்டு, முதலாவதைப் போலவே குளிர்ந்த பாலை ஊற்றுங்கள். 5 நிமிடம் கழித்து மூன்றையும் ஒப்பிடுங்கள்.

முதலாவதில் துணுக்குகள் தோன்றும் வாய்ப்பு மிகுதி; மற்ற இரண்டிலும் குறைவு. காரணம் இப்போது உங்களுக்கே விளங்கும். காப்பியில் பாலை ஊற்றினால், முதலில் விழும் பால் சூடான அமிலக் குளத்தில் தனியே அகப்பட்டுக்கொள்கிறது. பாலில் காப்பியை ஊற்றினாலோ, முதலில் விழும் அமிலம் ஏராளமான பாலில் பரவி வலுவிழந்துவிடுகிறது. மூன்றாவதில் சோடா என்னும் காரத்தன்மையுள்ள உப்பு அமிலத்தை ஓரளவு நடுநிலையாக்கிவிட்டது. சோடா கூடினால் காப்பி சவுக்காரச் சுவை பெற்றுவிடும். ஆகவே அளவு முக்கியம்.

இந்த அறிவு நம் சமையலறைக்குப் புதிதன்று. திருநெல்வேலிப் பக்கத்தில் சொதி வைப்பவர்களைக் கவனியுங்கள். தேங்காயின் கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றுவார்கள், கொதிக்க விடமாட்டார்கள். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே எலுமிச்சம்பழம் பிழிவார்கள். சூடும் புளிப்பும் ஒரே நேரத்தில் பாலைத் தாக்கக்கூடாது என்னும் விதியைத்தான் அவர்கள் கைப்பழக்கமாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

வீட்டிலேயே சோயாப் பால்

சோயா மொச்சை 100 கிராம் எடுத்து இரவு முழுதும் ஊறவையுங்கள். தோலைத் தேய்த்து நீக்கிவிட்டு, கொதிக்கும் நீரில் 5 நிமிடம் போட்டு எடுங்கள். இது எதற்கு? சோயாவில் லிபாக்சிஜினேஸ் என்னும் நொதி உள்ளது. பச்சையாக அரைத்தால் அது கொழுப்போடும் காற்றோடும் வினைபுரிந்து பச்சைவாடையை உண்டாக்கும். வெந்நீரிலேயே அரைத்தால் இந்த நொதி செயலிழக்கும் என்பதை 1960-களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

பின்னர் சிறிது சிறிதாக நீர் விட்டு நைசாக அரைத்து, மொத்தம் 800 மில்லி லிட்டர் நீர் சேர்த்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். சூடான திரவத்தை மிக்ஸியில் நிறைத்து மூடி அரைக்காதீர்கள். ஆவி மூடியைத் தூக்கி எறிந்துவிடும். வடித்த பாலைக் கிளறிக்கொண்டே 15 முதல் 20 நிமிடம் கொதிக்க வையுங்கள். இந்தப் படியை ஒருபோதும் தவிர்க்கக்கூடாது. பச்சைச் சோயாவில் நம் செரிமான நொதியான டிரிப்சினைத் தடுக்கும் பொருள் உள்ளது. நன்கு கொதித்தால்தான் அது அழியும். பால் பொங்கி வழியும் தன்மையுடையது என்பதால் பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு நாட்களுக்குள் பயன்படுத்திவிடுங்கள். ஊற்றுவதற்கு முன்பே புளித்த வாடை வந்தால் அது மெய்யாகவே கெட்ட பால். அதைக் கொட்டிவிடத் தயங்க வேண்டாம்.

காப்பிக்கு, நன்கு கருக வறுத்த தூளைத் தேர்ந்தெடுங்கள். வறுக்க வறுக்கக் குளோரோஜெனிக் அமிலம் சிதைந்து குறைகிறது. டிகாக்ஷன் புதிதாக இருக்கட்டும். சூட்டிலேயே நெடுநேரம் வைத்த டிகாக்ஷன் புளிப்பேறிவிடும். பாலை ஓரங்களில் ஆவி எழும் வரை சூடாக்கினால் போதும், கொதிக்க வேண்டாம். அதில் டிகாக்ஷனை மெல்ல ஊற்றுங்கள். பிறகு தவராவிலும் தம்ளரிலுமாக நாலைந்து முறை உயரத் தூக்கி ஆற்றுங்கள். விழும் தாரை காற்றையும் உள்ளே இழுத்துச் செல்கிறது. புரதங்கள் காற்றுக் குமிழ்களைச் சுற்றிப் படலமாகப் படிந்து நுரையைத் தாங்குகின்றன. இத்தாலியர் நீராவிக் குழாயால் செய்வதை நம்மவர் கைவீச்சால் செய்கிறார்கள்!

மற்றத் தாவரப் பால்கள்

நுரைக்கும் திறனும் சுவையும் பாலுக்குப் பால் வேறுபடும். தேங்காய்ப் பாலில் கொழுப்பு மிகுதி, புரதம் குறைவு. காப்பிக்குக் கொழுமை தரும். நுரை அதிகம் நிற்காது. கொதித்தால் எண்ணெய் பிரியும். பாதாம் பால் பெரும்பாலும் நீர்த்தே இருக்கும். ஓட்ஸ் பாலின் கதை சுவையானது. ஓட்ஸை அரைத்து வடித்துச் சூடாக்கினால் அதிலுள்ள மாவுச்சத்து கஞ்சியாகக் கெட்டிப்பட்டுவிடும். 1990-களில் சுவீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழகத்தின் ரிக்கார்டு ஓஸ்டே, நொதிகளைக் கொண்டு மாவுச்சத்தை மால்ட்டோஸ் சர்க்கரையாக உடைத்துப் பால் போன்ற பானம் தயாரித்தார். சோற்றை நெடுநேரம் மென்றால் இனிக்கிறதல்லவா? நம் உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் நொதி செய்யும் வேலையும் அதுதான்.

ஓர் எச்சரிக்கை. வெண்மையாக இருப்பதெல்லாம் சத்தில் பாலுக்கு ஈடாகாது. 100 மில்லி லிட்டர் பசும்பாலில் ஏறக்குறைய 120 மில்லி கிராம் கால்சியம் உள்ளது. வீட்டில் எடுக்கும் சோயாப் பாலில் அதில் சிறு பங்குதான் இருக்கும். பாலை விட்டவர்கள் கேழ்வரகு, கீரை போன்றவற்றால் அதை ஈடுசெய்ய வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லி கிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. கைக்குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் தாவரப் பாலைப் பாலுக்குப் பதிலாகக் கொடுக்கவே கூடாது. பால் ஒவ்வாமை உள்ள சிலருக்குச் சோயாவும் ஒவ்வாமல் போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்த முறை பெரியப்பா வரும்போது நீங்களே அடுப்படிக்குச் செல்லுங்கள். பாலை மிதமாகச் சூடாக்கி, சற்று ஆறிய டிகாக்ஷனை அதில் மெல்ல ஊற்றி, ஆற்றி, நுரை ததும்பக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒருவேளை முதல் முறை திரிந்துவிட்டால் மனம் தளர வேண்டாம். அமிலமா, சூடா, கடின நீரா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதே விஞ்ஞானிகளின் வழி. பெரியப்பாவுக்கு வேண்டியது நல்ல காப்பி. உங்களுக்கு அதோடு ஒரு நல்ல பாடமும் கிடைத்துவிடும்.